சனிக்கிழமை மட்டும் விவசாயியிடம் நேரடியாக எடுக்கிறோம்: வெண்டை முற்றல், கீரை வாடல், கேட்டது வருவதில்லை. தப்பு எங்கே?

பொன்வண்டு:

22 வீடு சேர்ந்து இரண்டு விவசாயிகளிடம் நேரடியாகக் காய்கறி எடுக்கிறோம். சனிக்கிழமை காலை ஒரே வண்டி. வியாழன் ராத்திரி அவரவருக்கு வேண்டியதைக் குழுவில் போடுவார்கள், ஒருவர் கூட்டிப் பட்டியல் அனுப்புவார். ஆறு வாரம் ஓடியிருக்கிறது. வீட்டுக்காரர்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். புகார்கள் இவை:

வெண்டைக்காய் பாதி முற்றல். கீரை காலை 6 மணிக்கு அறுத்தது, 11 மணிக்குக் கைக்கு வரும்போதே துவண்டு கிடக்கிறது. தக்காளி அடித்தட்டு நசுங்கிவிடுகிறது, மேல்தட்டு மூன்றே நாளில் ஒட்டுமொத்தமாகப் பழுத்துவிடுகிறது. கேரட் ஆறு வாரமாகக் கேட்டும் வரவில்லை, வெள்ளரி மட்டும் கேட்காமலே வருகிறது. எடையிலும் ஒவ்வொரு வாரமும் ஒரு சின்னச் சண்டை.

விவசாயிகள் இருவரும் நல்லவர்கள், ஏமாற்றுகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் முறையில்தான் கோளாறு என்று தோன்றுகிறது. இதை நடத்திப் பழகியவர்கள், விளைவிப்பவர்கள் விவரமாகச் சொன்னால் நல்லது.

செம்மண்:

கோளாறு அந்த வியாழக்கிழமைப் பட்டியலில் இருக்கிறது. செடிக்குப் பட்டியல் தெரியாது.

வெண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பூ விரிந்த நாலாவது நாளிலிருந்து ஆறாவது நாளுக்குள் காய் பறிக்கிற பதத்துக்கு வந்துவிடும், நீளம் 7 முதல் 10 செ.மீ. வெயில் நாளில் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். நீங்கள் வாங்குவது சனிக்கிழமை மட்டும். அப்படியானால் திங்கள், புதன் பறிப்பில் வந்த காய் எங்கே போகிறது? மூன்று வழிதான். வேறு யாருக்காவது விற்கிறார், அது சரியான வழி. அல்லது பறித்து மூட்டையில் போட்டு உங்களுக்காக வைத்திருக்கிறார். அல்லது சனிக்கிழமைக்குச் சேரட்டும் என்று பறிக்காமலே விட்டுவிடுகிறார்.

எது நடக்கிறது என்று காயே சொல்லும். காய் பெரிதாக, நிறம் மங்கி, நுனியை விரலால் வளைத்தால் ஒடியாமல் நாராக மடங்கினால், உள்ளே விதை கெட்டியாக இருந்தால், அது செடியிலேயே விடப்பட்ட காய். அளவு சரியாக இருந்து, தொய்ந்து, விளிம்பு வரிகள் கறுத்திருந்தால் முன்கூட்டிப் பறித்து வைத்த காய். இரண்டையும் "முற்றல்" என்று ஒரே புகாராகச் சொன்னால் அவருக்கு எதைத் திருத்துவது என்று புரியாது.

செடியில் விடுவதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. விதை முற்றத் தொடங்கினால் செடி தன் வேலை முடிந்ததாக எடுத்துக்கொண்டு புதுப் பூ விடுவதைக் குறைக்கும். வெள்ளரி, பீன்ஸ் எல்லாம் இதே குணம்தான். ஒரு வாரம் பறிக்காமல் விட்டதன் விலையை அடுத்த இரண்டு வாரம் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆகவே காய்களைப் பறிப்பு இடைவெளியால் பிரித்துப் பாருங்கள். வெண்டை, வெள்ளரி, சுக்கினி மாதிரியானவை இரண்டு நாளுக்கு ஒருமுறை. பீன்ஸ் மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை. தக்காளி, கத்தரி வாரம் இரண்டு முறை. மிளகாயும் குடைமிளகாயும் வாரத்துக்கு ஒருமுறை எடுத்தாலும் கோபித்துக்கொள்ளாது. கேரட், பீட்ரூட் நிலத்திலேயே ஒன்றிரண்டு வாரம் பொறுத்திருக்கும். முள்ளங்கிக்கு அந்தப் பொறுமை கிடையாது, சில நாள் தாண்டினால் உள்ளே சக்கையாகிவிடும். உருளை, வெங்காயம், பூசணி சேமிப்பிலிருந்து எந்தக் கிழமையும் வரும்.

வாரம் ஒருநாள் வாங்குகிற குழுவுக்குக் கடைசி வகைகள்தான் முதுகெலும்பு. முதல் வகையில் சனிக்கிழமைப் பறிப்பில் என்ன வந்ததோ அதை மட்டும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பாத்தி வாரத்துக்கு 60 கிலோ வெண்டை கொடுக்கிறது, மூன்று பறிப்பு என்று வைத்துக்கொண்டால் உங்கள் பங்கு 20 கிலோ. வீட்டுக்கு அரைக் கிலோ என்றால் 11 கிலோ போதும், தாராளமாக இருக்கிறது. அதே பாத்தி 24 கிலோதான் கொடுக்கிறது என்றால் உங்களுக்கு 8 கிலோ. அந்த வாரம் "கட்டாயம் 11 கிலோ வேண்டும்" என்று பிடித்தால் மீதி 3 கிலோ புதன்கிழமை பறித்ததாகத்தான் வரும்.

கேரட் விஷயம். விதைத்து 70 முதல் 100 நாள் ஆகும். ஆறு வாரம் முன்னால் கேட்டதற்கு அவர் அன்றே விதைத்திருந்தாலும் இன்னும் வந்திருக்காது. தவிர, மண் கொதிக்கிற பருவத்தில் கேரட் சரியாக முளைக்காது. முளைத்தாலும் கிழங்கு குட்டையாகி நிறம் வெளிறிப்போகும். மறுத்துச் சொல்லச் சங்கடப்பட்டு "பார்க்கலாம்" என்றிருப்பார்.

தக்காளியும் அப்படியே. இரவிலும் வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களில் பூ பிடிக்காமல் உதிரும். அதன் பலன் ஆறேழு வாரம் கழித்துத்தான் உங்கள் பையில் தெரியும். இன்றைக்குத் தக்காளி குறைவு என்றால் காரணத்தை இன்றைய வானத்தில் தேடாதீர்கள்.

பட்டியலைத் தலைகீழாக்குங்கள். அவர் அனுப்பட்டும், நீங்கள் அதிலிருந்து எடுங்கள். அடுத்த பருவத்துக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள், அதுவும் விதைக்கும் முன்னால்.

மழைக்காகிதம்:

கீரைக்கு எளிய வழி இருக்கே. வந்ததும் எல்லாக் காயையும் நல்லா கழுவி, பிளாஸ்டிக் கவரில் கட்டி ஃபிரிட்ஜில் வெச்சிடுங்க. ஒரு வாரம் தாங்கும்.

ஈரக்கோணி:

@மழைக்காகிதம், கோவிச்சுக்காதீங்க. கழுவி ஈரத்தோடு கவரில் கட்டினால் இரண்டாம் நாளே வழவழப்பு வரும். கீரைக்கு ஈரம் காற்றில் இருக்கணும், இலை மேல் துளித் துளியாக நிற்கக் கூடாது. கழுவுவது சமைப்பதற்குச் சற்று முன்னால், ஓடும் தண்ணீரில். எல்லாக் காயும் ஃபிரிட்ஜுக்கு உரியதும் இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கீரை. பறித்த பிறகும் இலை மூச்சு விடுகிறது. வெப்பம் 10 டிகிரி ஏற ஏற அந்த மூச்சு இரண்டு மூன்று மடங்காகும். 35 டிகிரியில் கிடக்கிற கட்டு, 5 டிகிரியில் இருப்பதைவிடக் குறைந்தது எட்டு மடங்கு வேகமாகத் தன்னையே தின்றுகொண்டிருக்கிறது. கூடவே தண்ணீர் போகிறது. எடையில் 3 முதல் 5 சதவீதம் ஈரம் போனாலே கீரை துவள்வது கண்ணுக்குத் தெரியும். அரைக் கிலோக் கட்டில் அது வெறும் 15 முதல் 25 கிராம். ஒன்றரை மேசைக்கரண்டித் தண்ணீர், அவ்வளவுதான். திறந்த வண்டியில் காற்று அடிக்க ஒரு மணி நேரம் வந்தால் அது போயே போய்விடும்.

6 மணிக்கு அறுப்பது சரி. 6 முதல் 11 வரை அந்தக் கட்டு எங்கே இருந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் வரப்போரம் வெயிலில் குவிந்திருக்கும், மற்ற காய் பறித்து முடியும்வரை. பறிக்கும் வரிசையை மாற்றச் சொல்லுங்கள்: கிழங்குகளை முதல் நாள் சாயங்காலமே எடுத்து வைக்கலாம். சனி காலையில் காய்கள் முதலில், கீரை கடைசியில், வண்டி கிளம்பும் முன். அறுத்த அடியைக் குடிக்கிற தரமுள்ள குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் நிறுத்தி, உதறி, ஈரக் கோணியால் போர்த்தி, நிழலில். குவியல் உயரமாக வேண்டாம், நடுவில் கை விட்டால் சூடு தெரியக் கூடாது. வண்டிக்கு மேலே வெளிர் நிறத் தார்ப்பாய், காய்க்கும் தார்ப்பாய்க்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. நேரடியாகப் போர்த்தினால் அதுவே அடுப்பாகிவிடும்.

வீட்டுக்கு வாடி வந்துவிட்டால்: அடித்தண்டை அரை அங்குலம் புதிதாக வெட்டி, குளிர்ந்த நீரில் கால் மணி நேரம். பெரும்பாலும் எழுந்து நிற்கும். உதறி, உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் வைத்து ஃபிரிட்ஜில். துணி ஈரத்தை வாங்கிக்கொள்ளும். இலை ஓரம் மஞ்சளாகிவிட்டால் எழுந்தாலும் ருசி வராது.

இந்தத் தண்ணீர் வைத்தியத்தைத் தக்காளிக்குச் செய்யக் கூடாது. வெயில் சூட்டோடு இருக்கிற தக்காளியைக் குளிர்ந்த நீரில் போட்டால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, காம்புத் தழும்பு வழியாக வெளித் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீரில் என்ன கிருமி இருக்கிறதோ அதுவும் உள்ளே போகும். கழுவியே ஆக வேண்டுமானால் தண்ணீர் பழத்தைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருக்கணும்.

தக்காளி நசுங்குவதற்குக் காரணம் மூட்டையோ ஆழமான பெட்டியோ. பக்கத்தில் துளையுள்ள பிளாஸ்டிக் கிரேட்டுக்கு மாறுங்கள். 25, 30 செ.மீ.க்கு மேல் நிரப்பக் கூடாது. நன்கு பழுத்ததானால் மூன்று அடுக்கு. விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நிறுத்தினால்தான் மேலே அடுக்கும் கிரேட் பழத்தில் உட்காராமல் விளிம்பில் உட்காரும். விளிம்பு தாண்டிக் கோபுரமாக நிரப்புவது கணக்குக்கு நன்றாக இருக்கும், அடித்தட்டுக்கு அல்ல. காம்பு நீளமாக இருந்தால் பக்கத்துப் பழத்தைக் குத்தும், காம்பைக் கிள்ளிவிடச் சொல்லுங்கள்.

எல்லாம் ஒரே நாளில் பழுப்பதற்குத் தீர்வு கேட்கும் விதத்தில் இருக்கிறது. "நல்ல சிவப்பா கொடுங்க" என்று கேட்டால் எல்லாமே கடைசிக் கட்டத்தில் வரும். மூன்று பங்காகக் கேளுங்கள்: உடனே சமைக்க முழுப் பழம் ஒரு பங்கு, செங்காய் ஒரு பங்கு, அடியில் நிறம் திரும்பத் தொடங்கியது ஒரு பங்கு. கடைசியாகச் சொன்னது 20 டிகிரி வாக்கில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சிவக்கும், ருசியும் வரும். முழுப் பச்சையாகப் பறித்ததற்கு அந்த உத்தரவாதம் இல்லை. அறை 30 டிகிரிக்கு மேல் இருந்தால் சிவப்பு ஏறாமல் ஆரஞ்சிலேயே நின்றுவிடும், பழம் மட்டும் மெத்தென்றாகும். அப்போது "தக்காளி சரியில்லை" என்று விவசாயியைத் திட்டாதீர்கள்.

இனி ஃபிரிட்ஜ். வீட்டு ஃபிரிட்ஜ் 4 டிகிரி வாக்கில் இருக்கும். கீரை, கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பச்சைப் பட்டாணி, மக்காச்சோளம் எல்லாவற்றுக்கும் அது சொர்க்கம். மக்காச்சோளம் வந்த உடனே உள்ளே போகணும், 30 டிகிரியில் ஒரே நாளில் பாதிக்கு மேல் இனிப்பு மாவாகிவிடும். ஆனால் வெள்ளரி, கத்தரி, வெண்டைக்கு 10 டிகிரிக்குக் கீழே ஆகாது. இரண்டு மூன்று நாள் தாண்டினால் தோலில் சிறு குழிகள், தண்ணீர் கோர்த்த திட்டுகள். வெளியே எடுத்து வைத்த பிறகுதான் அது முழுசாகத் தெரியும். ஃபிரிட்ஜில் குளிர் குறைந்த பகுதியில் வைத்து மூன்று நாளுக்குள் சமைத்துவிடுங்கள். உருளை இருட்டில், காற்றோட்டத்தில். வெளிச்சம் பட்டுப் பச்சையானால் கசப்பும் நஞ்சும் ஏறும், அந்தப் பகுதியைத் தடிமனாகச் சீவி எறியணும், அதிகமாகப் பச்சையானால் கிழங்கையே எறியணும். வெங்காயத்துக்கு வறட்சி. கேரட், பீட்ரூட், முள்ளங்கி தழையோடு வந்தால் அன்றே தழையை வெட்டிவிடுங்கள், கிழங்கின் ஈரத்தைத் தழை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆப்பிளுக்குப் பக்கத்தில் கேரட் வேண்டாம், ஆப்பிள் விடுகிற எத்திலீன் என்ற வாயு கேரட்டைக் கசப்பாக்கும்.

பொன்வண்டு:

செம்மண் அண்ணா சொன்ன சோதனையை இன்று வந்த வெண்டையில் செய்தேன். முக்கால்வாசி நுனி ஒடியவில்லை, விதை கெட்டி. அப்படியானால் செடியிலேயே விட்டிருக்கிறார். பாவம், எங்களுக்காகத்தான்.

இரண்டு கேள்வி பாக்கி. அளவு, எடை, பணத்தை எப்படி ஒழுங்குபடுத்துவது? திடீரென்று ஒரே காய் மலையாக வந்தால் என்ன செய்வது? மருந்து அடித்தது பற்றிக் கேட்க ஒரு நாகரிகமான வழி இருக்கிறதா?

(மூன்றாகிவிட்டது.)

தட்டுக்கணக்கு:

அளவிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒருவருக்கு ஒருநாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறி, பழம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உருளைக்கிழங்கு போன்ற மாவுக் கிழங்குகள் அதில் சேராது. நாலு பேர் வீட்டுக்கு வாரம் 11.2 கிலோ. பழமும் வேறு இடத்தில் வாங்கும் காயும் போக, பாதியில் ஆரம்பியுங்கள்: வீட்டுக்கு ஐந்தரை கிலோ. 22 வீட்டுக்கு 121 கிலோ. இந்த எண் விவசாயிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கணும். வாரா வாரம் 60, 140, 85 என்று ஆடினால் அவரால் விதைப்பையே திட்டமிட முடியாது. கீரை 25, 30 நாளில் வருவது. 10 முதல் 14 நாளுக்கு ஒரு பாத்தி என்று தொடர்ந்து விதைத்தால்தான் வாரம் தவறாமல் கிடைக்கும். யாராவது எடுப்பார்கள் என்ற உறுதி இல்லாமல் எவரும் அப்படி விதைக்க மாட்டார்கள்.

வண்டிச் செலவு 60 கிலோவுக்கும் 120 கிலோவுக்கும் ஒன்றுதான். பாதி எடை என்றால் கிலோவுக்கு இரண்டு மடங்கு. இரண்டு விவசாயியும் ஒரே இடத்தில் இறக்கி ஒரே வண்டியில் ஏற்றுவது முதல் சேமிப்பு.

பிரிப்பது: வீட்டுக்கு வீடு பட்டியல் வேண்டாம். எல்லாருக்கும் ஒரே பங்கு. கூடவே ஒரு மாற்றுக் கூடை. வெள்ளரி வேண்டாதவர் அதைக் கூடையில் போட்டு, கூடையில் இருக்கிற வேறொன்றை அதே எடைக்கு எடுத்துக்கொள்ளட்டும். முதலில் கூடையில் இரண்டு கிலோ ஏதாவது போட்டு வைத்தால்தான் முதல் ஆள் மாற்ற முடியும். இந்த ஒரு கூடை பாதிப் புகாரைத் தின்றுவிடும்.

எடைச் சண்டை ஏன் வருகிறது தெரியுமா? வயலில் போட்ட எடைக்கும் வீட்டு எடைக்கும் நடுவில் தண்ணீர் ஆவியாகிறது. கீரையில் அது கூடுதல். யார் பொய் சொல்வதும் இல்லை. கீரையைக் கட்டுக் கணக்கில் வாங்குங்கள், மற்றதை இறக்குமிடத்தில் இரு தரப்பும் பார்க்கப் போடுங்கள். காலி கிரேட் ஒவ்வொன்றையும் ஒருமுறை எடை போட்டு அதன் மேலேயே அழியாத மையில் எழுதிவிடுங்கள். ஒன்றரை கிலோவும் இருக்கும், இரண்டு கிலோவும் இருக்கும். ஆறு கிரேட்டில் அது 3 கிலோ வித்தியாசம்.

தராசைச் சோதிக்கப் படிக்கல் தேவையில்லை. காலிப் போத்தலைப் போட்டு எடை பாருங்கள், அளவுக் குவளையால் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி மறுபடி பாருங்கள். வித்தியாசம் ஒரு கிலோ வரணும், பத்து கிராம் முன்பின் பரவாயில்லை. இதைத் தராசின் தொடக்கத்தில் மட்டும் செய்யாதீர்கள், 20 கிலோ கிரேட் மேலே இருக்கும்போதும் அந்த லிட்டரை வைத்துப் பாருங்கள். சில தராசு கீழ் எடையில் யோக்கியமாக இருந்து மேலே போகப் போகத் தடம் மாறும்.

அழுகல், நசுங்கலுக்கு ஒரு விதி: அன்றைக்கே படத்தோடு சொல்லணும், அடுத்த வாரம் எடைக்கு எடை ஈடு. பணமாகத் திருப்ப வேண்டாம், அங்கேதான் மனக்கசப்பு வரும். கிலோவுக்கு 50 கிராம் வரை புகாரே இல்லை என்று ஒத்துக்கொள்ளுங்கள். நிலத்திலிருந்து வருகிற பொருள்.

விலையைத் தினசரி மொத்தச் சந்தை விலையோடு கட்டாதீர்கள். சந்தை விழுந்தால் வீட்டுக்காரர்களுக்கு ஆசை, ஏறினால் விவசாயிக்கு ஆசை, இரண்டு பக்கமும் மாறி மாறி ஏமாற்றம். பருவத்துக்கு ஒரு விலை, நடுவில் ஒரே ஒருமுறை பேசித் திருத்தம். சந்தையில் பாதி விலைக்குக் கிடைக்கிற வாரத்தில் நீங்கள் வாங்குவதை நிறுத்தினால், இரண்டு மடங்கு விற்கிற வாரத்தில் அவர் உங்களுக்குக் கொடுக்க மாட்டார். அது நியாயமும்கூட.

பணம் கட்டுவதில் மூன்று வகை. அன்றன்று கொடுப்பது. ஒரு மாதத் தொகையை முன்பணமாகக் கட்டி அதில் கழித்துக்கொண்டே வருவது. பருவம் முழுவதற்கும் முன்கூட்டியே பங்கு வாங்குவது. மூன்றாவதில் விளைச்சல் பொய்த்தால் நஷ்டத்திலும் பங்கு உண்டு. ஜப்பானில் 1970களில் 'தெய்க்கெய்' என்ற பெயரில் வளர்ந்த ஏற்பாடு விவசாயிக்கும் வாங்குபவருக்கும் நடுவிலான இந்த உறவின் மேல் நின்றதுதான். அமெரிக்காவில் 1986இல் மாசசூசெட்ஸிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் இரண்டு பண்ணைகள் பங்கு முறையில் தொடங்கின. ஆறு வாரக் குழு அங்கே தாவ வேண்டாம். மாத முன்பணத்தில் ஒரு பருவம் ஓட்டுங்கள், அதற்குள் யார் நிற்பார்கள், யார் நழுவுவார்கள் என்று தெரிந்துவிடும்.

செம்மண்:

மருந்து பற்றி. "அடிச்சீங்களா?" என்று கேட்டால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும், பதிலும் ஆம் இல்லை என்று முடிந்துவிடும். இப்படிக் கேளுங்கள்: "கடைசியா எதை அடிச்சீங்க, எந்தத் தேதி, அதுக்கு எத்தனை நாள் விடணும்?" ஒவ்வொரு மருந்தின் லேபிளிலும் பயிருக்கு ஏற்ப, அடித்ததிலிருந்து பறிப்பதற்குள் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று இருக்கும்.

இங்கேயும் பறிப்பு இடைவெளிதான் விஷயம். ஏழு நாள் காத்திருக்க வேண்டிய மருந்தை வெண்டைக்கு அடித்தால் நடுவில் மூன்று பறிப்பைப் பறித்துக் கொட்டணும். கொட்ட மனம் வருமா? ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிற பயிரில்தான் இந்தக் கேள்வி முக்கியம். கேரட்டுக்கும் பூசணிக்கும் அவ்வளவு கவலை வேண்டாம். காத்திருப்பு நாட்களில் வெண்டை பட்டியலில் இல்லையென்றால் "ஏன் இல்லை" என்று துளைக்காமல் விட்டுவிடுங்கள். அதுவே அவருக்கு நீங்கள் தருகிற சலுகை.

புதிதாக வருபவர் சொந்தமாக விளைவிக்கிறாரா, வாங்கி விற்கிறாரா என்று தெரியணுமா? அடுத்த மாதம் எது முடிகிறது, எது வருகிறது, என்ன ரகம், எப்போது நட்டது என்று பேச்சுக் கொடுங்கள். விளைவிப்பவர் நிறுத்தாமல் சொல்வார். வாங்கி விற்பவரிடம் வருஷம் முழுக்க எல்லாம் இருக்கும், ஒரே அளவில் இருக்கும்.

நுணா:

மலையாக வருவதற்கு நான் பதில் சொல்கிறேன், சமையலறை என் பேட்டை.

வெண்டை, பீன்ஸ், கேரட் மிஞ்சினால் கொதிநீரில் போட்டெடுத்து உறைய வைக்கலாம். அரைக் கிலோ காய்க்கு நாலு லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கணும். காயைப் போட்ட பிறகு ஒரு நிமிடத்துக்குள் மறுபடி கொதி வராவிட்டால் காய் அதிகம் என்று அர்த்தம். கொதி திரும்பியதும் நேரம் எண்ணுங்கள்: பீன்ஸ் 3 நிமிடம், சின்ன வெண்டை முழுசாக 3 நிமிடம், வில்லை போட்ட கேரட் 2 நிமிடம், பட்டாணி ஒன்றரை நிமிடம். உடனே ஐஸ் தண்ணீரில் அதே அளவு நேரம். வடித்து, துணியில் ஒற்றி, தட்டில் பரப்பி உறைய வைத்த பிறகு பையில் கொட்டினால் கட்டியாக ஒட்டாது.

நேரத்தைக் குறைக்க வேண்டாம். காயை நிறம் மாற்றிக் கெடுக்கிற நொதிகளை முடக்கத்தான் இந்தக் கொதி. அரைகுறைச் சூடு அவற்றை முடக்காமல் உசுப்பிவிடும், போடாமலே இருந்திருக்கலாம் என்று ஆகும். வெள்ளரி, முள்ளங்கியை உறைய வைக்காதீர்கள், உருகும்போது நனைந்த பஞ்சு.

தக்காளி: அரைத்து வடிகட்டி, பாதியாகச் சுண்டவிட்டு, டப்பாவில் மேலே இரண்டு செ.மீ. இடம் விட்டு உறைய வையுங்கள், உறையும்போது விரியும். போத்தலில் அடைத்து வெளியே வைக்க ஆசைப்பட்டால் ஒரு எச்சரிக்கை. தக்காளியின் புளிப்பு எல்லைக்கோட்டில் இருக்கிறது. புளிப்புக் குறையக் குறைய ஏறுகிற பிஎச் எண் 4.6க்கு மேல் போனால், காற்றில்லாத போத்தலுக்குள் பாட்டுலிசம் என்ற உயிர்க்கொல்லி நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரலாம், சில ரகம் அந்தக் கோட்டைத் தாண்டும். அதனால் ஒரு லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் சேர்ப்பது கட்டாயம். நாக்குக்குப் புளிப்பாக இருக்கிறதே என்று விடக் கூடாது. பீன்ஸ், வெண்டை, கேரட்டை வெறும் கொதிநீரில் வேகவைத்துப் போத்தலில் அடைக்கவே கூடாது. 100 டிகிரி அந்தக் கிருமியின் சூடு தாங்கும் வித்துகளைக் கொல்லாது, போத்தல் அடைக்க என்றே உள்ள அழுத்தப் பாத்திரம் வேண்டும். உறைய வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மிஞ்சுகிற வாரம் முன்னாலேயே தெரிந்தால் 22 வீடும் தனித்தனியாகத் திண்டாட வேண்டாம், பெரிய பாத்திரம் இருக்கிற இரண்டு வீட்டில் சேர்த்துச் செய்யலாம்.

பொன்வண்டு:

எல்லாருக்கும் நன்றி. குழுவில் பேசி, விவசாயிகளுக்கு அனுப்ப இப்படி எழுதியிருக்கிறேன். பார்த்துத் திருத்துங்கள்:

"வியாழன் மாலைக்குள், சனிக்கிழமை காலைப் பறிப்பில் என்னென்ன, தோராயமாக எத்தனை கிலோ வரும் என்று சொல்லுங்கள். மொத்தம் 121 கிலோ வரை எடுப்போம். வெண்டை வீட்டுக்கு அரைக் கிலோ கட்டாயம். தக்காளி பழம், செங்காய், நிறம் திரும்பியது என மூன்று பங்கு. கீரை கடைசியாக அறுத்து ஈரக் கோணியில். கிரேட் நாங்கள் தருகிறோம். மாத முன்பணம் முதல் தேதி."

செம்மண்:

வெண்டை வரியில் "கட்டாயம்" எடுத்துவிடுங்கள் அக்கா, அதுதானே எல்லாவற்றுக்கும் ஆரம்பம். "சனி காலைப் பறித்தது மட்டும், எவ்வளவு இருந்தாலும் சரி" என்று போடுங்கள். திங்கள், புதன் பறிப்பை வெளியே விற்றுக்கொள்ளட்டும் என்றும் ஒரு வரி சேருங்கள். இல்லாவிட்டால் உங்களுக்காகச் சேர்த்து வைக்கிற பழக்கம் அவருக்குப் போகாது. இப்போது முற்றி நிற்கிற காயை இந்த வாரமே முழுக்கக் கிள்ளி எறிந்துவிடச் சொல்லுங்கள். புதுப் பூ வர ஒரு வாரம் போல ஆகும். அடுத்த சனி வெண்டை குறைவாகத்தான் வரும், அதையும் வீட்டுக்காரர்களிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

தட்டுக்கணக்கு:

கிரேட் நீங்கள் தருவதானால் ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள். ஒரு செட் வயலில், ஒரு செட் உங்களிடம். திரும்பிப் போகும் முன் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காய வைக்கணும். போன வார அழுகல் சாறு ஒட்டிய கிரேட்டில் இந்த வாரத் தக்காளி இரண்டே நாளில் பூசணம் பிடிக்கும்.